வைகறைக் காட்டில் ஒரு விஞ்ஞானி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

ஜெபம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கூட்டம்தான். மணி ஒலிக்கிறது; மக்கள் திரளுகிறார்கள்; பாட்டு எழும்புகிறது; ஒலிபெருக்கி ஊர் முழுவதும் கேட்கும்படி முழங்குகிறது. இவையும் கிறிஸ்தவ வாழ்வின் ஒரு பகுதியே; குறை சொல்வதற்கில்லை. ஆனால் இயேசு பெருமான் தம் சீடர்களுக்கு ஜெபத்தைப் பற்றிக் கற்பித்தபோது, தெருமுனையில் நின்று பிறர் காண ஜெபிப்பதை அவர் விரும்பவில்லை. அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டு, மறைவாக இருக்கும் தந்தையை நோக்கி மன்றாடச் சொன்னார். தாமும் அவ்வாறே நடந்தார். மாற்கு எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. கப்பர்நகூம் என்ற ஊரில் முதல் நாள் மாலை ஊரே அவர் தங்கியிருந்த வீட்டு வாசலில் கூடிவிட்டது. நோயாளிகள் பலர் நலம் பெற்றார்கள். மறுநாள் இருட்டோடு எழுந்து அவர் ஆளில்லாத இடத்துக்குத் தனியே போய்விட்டார். சீடர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து அவர் அடுத்த ஊர்களுக்கு, மேலும் அதிகமான வேலைக்குப் புறப்பட்டுப் போனார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. அறைக்குள் போய்க் கதவை மூடு என்றால், அறை இல்லாதவன் என்ன செய்வான்? எங்கள் வீடு போல ஒரே அறையில் சமையலும் படிப்பும் உறக்கமும் நடக்கும் வீடுகள் இந்நாட்டில் எத்தனையோ இலட்சம். அங்கே எந்தக் கதவை மூடுவது? இன்னொரு கேள்வியும் உண்டு. ஒருவன் தனியே போய் ஜெபிப்பது, உலகத்தின் தொல்லைகளிலிருந்து நழுவிக்கொள்ளும் தந்திரம் ஆகாதா? அறிவியல் படிக்கும் நண்பர்கள் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். நான் சரியாக விடை சொன்னதில்லை. இரண்டு கேள்விகளுக்கும் ஒருவருடைய வாழ்க்கையையே விடையாகச் சொல்லலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் தாவரவியல் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

கார்வர் எந்த ஆண்டில், எந்த நாளில் பிறந்தார் என்பது அவருக்கே தெரியாது. அடிமைகளின் பிறந்தநாளை யார் குறித்து வைத்தார்கள்? 1864-ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், டயமண்ட் குரோவ் என்ற சிற்றூரை அடுத்த பண்ணையில் பிறந்தார் என்று கொள்ளுகிறார்கள். மோசஸ் கார்வர் என்ற ஜெர்மானிய வழிவந்த விவசாயிக்கு உடைமையான மேரி என்ற அடிமைப் பெண் அவருடைய தாய். தந்தை பிள்ளையின் நினைவுக்கு எட்டும் முன்பே இறந்துவிட்டார். உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. ஒருநாள் கொள்ளையர் கூட்டம் பண்ணைக்குள் புகுந்து தாயையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றது. மோசஸ் கார்வர் ஓர் ஆளை அனுப்பித் தேடச் செய்தார். குழந்தை மட்டும் திரும்பி வந்தது. மீட்டுக் கொண்டுவந்தவனுக்குக் கூலியாக ஒரு குதிரை கொடுக்கப்பட்டது. தாயைப் பற்றி அதன்பின் எந்தத் தகவலும் இல்லை.

திரும்பி வந்த குழந்தை கக்குவான் இருமலால் நலிந்து, பிழைக்குமா என்றே ஐயுறும் நிலையில் இருந்தது. அடிமைமுறை ஒழிந்த பின்னரும் மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜையும் அவனுடைய அண்ணன் ஜிம்மையும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். ஜிம் வலிவுள்ளவன்; வயலுக்குப் போனான். நோஞ்சானாகிய ஜார்ஜ் வீட்டு வேலைகளைக் கற்றுக்கொண்டான். துவைத்தான், சமைத்தான், பின்னல் வேலை செய்தான். மிச்ச நேரமெல்லாம் காட்டில்தான். யாரும் பார்க்காத புதருக்கு நடுவே ஒரு சிறு தோட்டம் வைத்திருந்தான். பூச்செடிகளுக்காக நேரம் செலவழிப்பது வீண் வேலை என்று பெரியவர்கள் எண்ணிய காலம். அதனால் அந்தத் தோட்டம் ரகசியமாகவே இருந்தது. வாடிய செடிகளை அங்கே கொண்டுபோய் வைத்துத் தேற்றுவான். அக்கம்பக்கத்தார் அவனைச் செடி வைத்தியர் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

அந்த வட்டாரத்தில் கறுப்பினக் குழந்தைகள் அவ்விருவர் மட்டுமே. வெள்ளையருடைய பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஞாயிறு பள்ளிக்கும் போக முடியாது. ஒரு சனிக்கிழமை காலை, அவன் வயதொத்த பக்கத்துப் பண்ணை வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவன் விளையாட வந்தான். மறுநாள் தான் ஞாயிறு பள்ளிக்குப் போகப் போவதாகப் பேச்சுவாக்கில் சொன்னான். அங்கே என்ன செய்வார்கள் என்று ஜார்ஜ் கேட்டான். பாடுவார்கள், ஜெபிப்பார்கள் என்றான் அவன். ஜெபம் என்றால் என்ன என்று இவன் மேலும் துருவினான். அந்தச் சிறுவன் தனக்குத் தெரிந்தவரையில் ஏதோ விளக்கிவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் ஜார்ஜ் தானியக் கொட்டகையின் பரணில் ஏறினான். ஆலைக்குக் கொண்டுபோவதற்காக மக்காச்சோளம் உதிர்த்துக் கொண்டிருந்த இடம் அது. சோளம் நிறைந்த பீப்பாய் அருகில் மண்டியிட்டு, தனக்குத் தெரிந்த விதத்தில் ஜெபித்தான். என்ன சொன்னோம் என்பது பிற்காலத்தில் அவருக்கே நினைவில்லை. மனம் நிறைந்திருந்தது என்பது மட்டும் நினைவிருந்தது. அப்போது அவனுக்குப் பத்து வயதுகூட ஆகியிராது. கோயில் கதவு மூடப்பட்டிருந்த ஒரு குழந்தைக்குப் பரண் அறையாயிற்று. அறை இல்லாதவன் என்ன செய்வான் என்று கேட்டேனே, அந்தக் கேள்வி இந்தப் பரணைப் பற்றிப் படித்த அன்றே எனக்கு அடங்கிவிட்டது.

இன்னொரு நிகழ்ச்சியையும் கார்வர் முதுமையில் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். ஒரு பேனாக்கத்தி வேண்டும் என்பது சிறுவனின் ஆசை. ஓர் இரவு, மக்காச்சோளக் கொல்லையில் பாதி தின்ற தர்ப்பூசணிப் பழமும் அதில் செருகிய கத்தியும் கிடப்பதாகக் கனவு கண்டான். விடிந்ததும் ஓடிப் பார்த்தான், கத்தி இருந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது படிப்பவர் விருப்பம். நான் இதை வைத்து எதையும் நிலைநாட்ட வரவில்லை. எவனோ ஒருவன் பழத்தை அறுத்துத் தின்றுவிட்டுக் கத்தியை மறந்து போயிருக்கலாம். ஆனால் தாயில்லாத அந்தப் பிள்ளை, தன் ஆசையைச் சொல்லிக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்று அன்றுமுதல் நம்பினான்.

எட்டு மைல் தொலைவில் நியோஷோ என்ற ஊரில் கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒரு பள்ளி இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கார்வர் தனியாக நடந்து அங்கே போய்ச் சேர்ந்தார். மரியா வாட்கின்ஸ் என்ற சலவைத் தொழிலாளி அவருக்கு இடம் கொடுத்தார். பிரசவம் பார்ப்பதிலும் மூலிகை வைத்தியத்திலும் கைதேர்ந்த அம்மையார் அவர். பள்ளிக்கூடம் பக்கத்து மனையிலேயே இருந்ததால், இடைவேளை விட்டவுடன் பையன் வேலியைத் தாண்டி ஓடிவந்து துணிகளைத் துவைத்துவிட்டு, மணி அடித்ததும் திரும்ப ஓடுவான். அந்த அம்மையார் அவனுக்கு ஒரு வேதாகமத்தைக் கொடுத்தார். கடைசிவரையில் அது அவருடன் இருந்தது.

அதன்பின் பத்தாண்டுக் காலம் கன்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராக அலைச்சல். சமையல், சலவை, விறகு வெட்டுதல் என்று கிடைத்த வேலையைச் செய்துகொண்டே படிப்பு. 1879-இல் போர்ட் ஸ்காட் என்ற ஊரில், சிறையிலிருந்த ஒரு கறுப்பினத்தவரை வெறிகொண்ட கூட்டம் இழுத்துவந்து கொன்று எரித்ததை அந்த இளைஞர் கண்ணால் கண்டார். உடனே அந்த ஊரைவிட்டே வெளியேறினார். முதியவரான பின்னும் அந்தக் காட்சி தம்மை விட்டு நீங்கவில்லை என்று எழுதினார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தபின் ஹைலண்ட் என்ற ஊரிலிருந்த ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பினார். சேர்த்துக்கொள்வதாகப் பதில் வந்தது. கையிலிருந்ததைச் செலவழித்துப் போய் நின்றார். நேரில் நிறத்தைப் பார்த்ததும் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது ஒரு கிறிஸ்தவச் சபை நடத்திய கல்லூரி என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். அதற்காக அவர் கிறிஸ்துவை விட்டுவிடவில்லை. ஆனால் கல்லூரி என்ற எண்ணத்தையே சில ஆண்டுகள் விட்டுவிட்டார். மேற்குக் கன்சாஸின் வெட்டவெளியில் 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு உரிமை கோரி, புல்தரைக் கட்டிகளை அடுக்கித் தாமே ஒரு குடிசை கட்டிக்கொண்டு, பனியிலும் வறட்சியிலும் விவசாயம் செய்து பார்த்தார்.

இதுவரை நான் சொல்லியதெல்லாம் பிறர் அவர்மேல் சுமத்திய தனிமை. யாரும் சேர்த்துக்கொள்ளாததால் வந்த தனிமை. அது மனிதனைக் கசப்பாக்கும், நொறுக்கியும் விடும். தனி ஜெபம் செய்தது என்ன? தனித்து விடப்பட்டவர் தாமே விரும்பித் தனித்துச் செல்பவராக மாறினார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டு நிலையிலும் ஒரு மனிதன் தனியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறான். ஆயினும் கார்வர் பின்னாளில் அதிகாலை எழுந்து காட்டுக்குப் போனபோது, யாரும் அவரைத் துரத்தவில்லை.

1890-இல் அயோவா மாநிலத்தில் சிம்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே கறுப்பின மாணவர் அவர் ஒருவரே. கட்டணம் கட்டியபின் கையில் மிஞ்சியது பத்து சென்ட். ஐந்து சென்ட்டுக்கு மக்காச்சோள மாவும் ஐந்து சென்ட்டுக்கு மாட்டுக் கொழுப்பும் வாங்கி ஒரு வாரத்தை ஓட்டினார். பிறகு சக மாணவர்களின் துணிகளைத் துவைத்துப் பிழைத்தார். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் இந்த இடத்தில் சற்று நின்றுதான் படிப்பார்கள். தாமும் ஒரு மனிதர் என்ற உணர்வு அங்கேதான் தமக்கு வந்ததென்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் அங்கே கற்றது ஓவியம்! செடிகளை அவர் வரைந்த அழகைக் கண்ட ஓவிய ஆசிரியை எட்டா பட், ஏம்ஸ் நகரிலிருந்த வேளாண்மைக் கல்லூரிக்குப் போகுமாறு தூண்டினார். அந்த அம்மையாரின் தந்தை அங்கே தோட்டக்கலைப் பேராசிரியர். 1891-இல் கார்வர் அங்கே சேர்ந்தார். மற்ற மாணவர்களோடு உணவுக்கூடத்தில் உட்கார அனுமதியில்லை. கீழ்த்தளத்தில் வேலையாட்களோடு உண்ணவேண்டும். இதைக் கேள்விப்பட்ட பழைய ஊர் அம்மையார் ஒருவர், ரயிலேறி வந்து அவரோடு அந்தக் கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்து உண்டுவிட்டுப் போனார். 1894-இல் இளங்கலைப் பட்டமும் 1896-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். பூஞ்சை இயலில் தேர்ந்தார். பேராசிரியர் ஒருவரின் மகனான ஹென்றி வாலஸ் என்ற சிறுவனைக் காட்டுக்கு அழைத்துச் சென்று புற்களையும் பூக்களையும் காட்டுவார். அந்தச் சிறுவன் 1941-இல் அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவரானான்.

1896 அக்டோபரில், புக்கர் டி. வாஷிங்டன் அழைத்ததன் பேரில், அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ கல்வி நிலையத்துக்கு வந்தார். கறுப்பின மக்களுக்காகக் கறுப்பினத்தவரே நடத்திய நிலையம் அது. அங்கே ஆய்வுக்கூடம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பைமேடுகளைக் கிளறி, உடைந்த புட்டிகள், ஜாடி மூடிகள், கம்பிகள், பழைய விளக்கு என்று பொறுக்கி வந்து ஆய்வுக்கூடம் அமைத்தார். நம் துறையில் பீக்கர் போதவில்லை என்று முணுமுணுக்கும் நாங்கள் இதைப் படித்துச் சற்று வெட்கப்படலாம்.

சுற்றுப்புற நிலமோ பருத்தியால் செத்துப்போன நிலம். ஆண்டுக்கு ஆண்டு பருத்தியையே விதைத்ததால் மண்ணில் நைட்ரஜன் சத்து வற்றிவிட்டது. மழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. அதை உழுதவர்கள் அடிமைத்தளை நீங்கியும் கடன் தளையில் கிடந்த குத்தகை விவசாயிகள். அவர்களால் உரம் வாங்க இயலாது. வேரில் முடிச்சுகளுள்ள பயறுவகைகளைப் பயிரிடும்படி கார்வர் சொன்னார். அம்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு உதவும் சத்தாக மாற்றித் தருவதை நாம் முதலாண்டிலேயே படித்திருக்கிறோம். தட்டைப்பயறு, நிலக்கடலை, இவற்றோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. பருத்தியோடு மாற்றி மாற்றி இவற்றைப் பயிரிட்டால் மண்ணும் பிழைக்கும், குழந்தைகளும் பசியாறும். 1906-இல் ஒரு குதிரைவண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றி, கல்லூரிக்கு வரமுடியாதவர்களின் வயலுக்கே கல்லூரியை அனுப்பினார். எளிய நடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட வெளியீடுகள் எழுதினார். நிலக்கடலையைப் பயிரிடுவது பற்றியும் அதை 105 விதமாகச் சமைப்பது பற்றியும் 1916-இல் வெளிவந்தது அவற்றுள் பெயர்பெற்றது.

இத்தனை வேலைக்கிடையே அவருடைய நாள் காலை நான்கு மணிக்குத் தொடங்கியது. எல்லோரும் உறங்கும் அவ்வேளையில் எழுந்து, தனியே காட்டுக்குப் போவார். கூட யாரையும் அழைத்துக்கொள்வதில்லை. இருள் பிரியும்வரை மரங்களுக்கிடையே நடப்பார், நிற்பார், கேட்பார். கேட்டல் என்ற இச்சொல்லைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். தமிழில் கேட்பது என்றால் வேண்டுவதும் உண்டு, செவிகொடுப்பதும் உண்டு. நம்முடைய ஜெபம் பெரும்பாலும் முதல் வகையோடு முடிந்துவிடுகிறது. தேர்வு வந்தால் ஜெபம், நோய் வந்தால் ஜெபம், பட்டியலை ஒப்புவித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். கார்வருடைய காலை ஜெபம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இயற்கையை அவர் ஒரு வானொலி நிலையத்துக்கு ஒப்பிட்டார். கடவுள் அதன் வழியாக ஒவ்வொரு மணி நேரமும் பேசிக்கொண்டிருக்கிறார், நாம் அலைவரிசையைத் திருப்பி வைத்தால் போதும் என்பது அவர் கருத்து. திரும்பி வரும்போது கையில் ஏதேனும் செடியோ, பூஞ்சை பிடித்த இலையோ, கல்லோ இருக்கும். சட்டைப் பொத்தான் துளையில் ஒரு பூ எப்போதும் இருக்கும். பிறகு ஆய்வுக்கூடம்.

ஆகவே அவருக்கு ஜெபம் முடிந்த இடம் எது, ஆய்வு தொடங்கிய இடம் எது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. அசையாமல் நின்று, தான் பேசாமல், எதிரே உள்ளதை அது இருக்கிறபடியே காணப் பழகியவனுக்கு, யாரும் பொருட்படுத்தாத ஒரு கொடியின் வேரும் பெரிதாகத் தெரிகிறது. தனி ஜெபம் அவருக்குத் தந்தது இந்தக் கண்ணைத்தான் என்பது என் எண்ணம்.

மேடைகளில் அவர் அடிக்கடி சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரு காலையில் அவர் கடவுளிடம், இந்தப் பிரபஞ்சத்தை எதற்காகப் படைத்தீர் என்று கேட்டாராம். அது உன் சிறிய மூளைக்கு மிகப் பெரிது, வேறு கேள் என்று பதில் வந்ததாம். அப்படியானால் மனிதனை எதற்காகப் படைத்தீர் என்றாராம். அதுவும் பெரிதுதான் என்று விடை. கடைசியாக நிலக்கடலையை எதற்காகப் படைத்தீர் என்று கேட்க, இது உன் அளவுக்கு ஏற்றது, வா, சொல்லித் தருகிறேன் என்றாராம் கடவுள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட கதைதான். ஆனால் பெரிய கேள்வியோடு காட்டுக்குள் போனவர் தன் அளவறிந்து சிறிய கேள்வியோடு வெளியே வருவது இக்கதையில் இருக்கிறது. ஓர் ஆராய்ச்சி மாணவன் கற்க வேண்டிய முதல் பாடமும் அதுவேயன்றோ?

தனியே ஜெபித்தவர் தனியே நின்றுவிடவில்லை என்பதற்கு அவருடைய வேதாகம வகுப்பே சான்று. 1907-ஐ ஒட்டி, சில மாணவர்கள் கேட்டுக்கொண்டதால் ஞாயிறு மாலைகளில் அரைமணி நேரம் நடத்தத் தொடங்கினார். வருகைப் பதிவு கிடையாது. வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் திரண்டார்கள். படைப்பின் வரலாற்றைச் சொல்லும்போது பாறைத்துண்டுகளையும் புதைபடிவங்களையும் மேசைமேல் பரப்பி வைப்பாராம். ஆண்டுகள் பல கடந்தபின்னும் பழைய மாணவர்கள் அவ்வகுப்பை நினைத்து அவருக்குக் கடிதம் எழுதினார்கள். திருமணம் செய்துகொள்ளாத அவர், அவர்களைத் தம் பிள்ளைகள் என்றே கருதிப் பதில் எழுதினார்.

1921 ஜனவரியில் நிலக்கடலை இறக்குமதி வரி தொடர்பாக அமெரிக்கக் காங்கிரசின் குழு ஒன்றின்முன் பேச அவர் அழைக்கப்பட்டார். பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். தொடக்கத்தில் உறுப்பினர் ஒருவர் தர்ப்பூசணியைக் குறிப்பிட்டுக் கேலி பேசினார். அந்நாட்டில் அது கறுப்பின மக்களை இழிவு செய்யும் பேச்சு. கார்வர் சினம் கொள்ளவில்லை. தர்ப்பூசணியும் நல்ல பழந்தான் என்று இலேசாகத் தள்ளிவிட்டு, கடலையிலிருந்து தாம் செய்த பாலையும் மாவையும் மிட்டாயையும் எடுத்துக் காட்டத் தொடங்கினார். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் விதைதரும் பயிர்களைக் கடவுள் மனிதனுக்கு உணவாகக் கொடுத்ததையும் சுட்டிக் காட்டினார். நேரம் நீட்டிக்கொண்டே போயிற்று. முடிவில் உறுப்பினர்கள் கைதட்டி வழியனுப்பினார்கள். போர்ட் ஸ்காட்டில் அந்தக் காட்சியைக் கண்ட மனிதர் இவ்வளவு அமைதியோடு நின்றதை எண்ணிப் பாருங்கள். இந்த அடக்கம் போதாது, அவர் எதிர்த்துக் குரல் கொடுத்திருக்க வேண்டும் என்று பின்வந்தோர் சிலர் குறைகூறியதுண்டு. அக்குறையில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆயினும் அந்த அமைதி கோழைத்தனத்திலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய ஜெபமே பொதுமன்றத்தில் விசாரணைக்கு வந்த நாளும் உண்டு. 1924 நவம்பரில் நியூயார்க் நகரத் தேவாலயம் ஒன்றில் பேசும்போது, தம் ஆய்வுக்கூடத்துக்குள் புத்தகங்கள் செல்வதில்லை என்றும், செய்யவேண்டியதைக் கடவுளே தமக்குப் புலப்படுத்துகிறார் என்றும் சொன்னார். இரண்டு நாட்களில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தலையங்கம் எழுதியது. அறிவியலார் எவரும் இப்படிப் பேசமாட்டார்கள், இது அவருடைய இனத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் நகைப்பையே தேடித்தரும் என்பது அதன் சாரம்.

அறிவியல் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன். தலையங்கத்தின் பாதி சரியே. நம் ரெக்கார்டு நோட்டில் செய்முறை என்ற தலைப்பின்கீழ் கடவுள் காட்டினார் என்று எழுதிக்கொண்டு போனால் எந்த விரிவுரையாளர் கையெழுத்துப் போடுவார்? கார்வர் தம் செய்முறைகளை முறையாக எழுதி வைக்கவில்லை. கடலையிலிருந்து முந்நூறு பொருள்கள் என்று புகழப்படும் பட்டியலில் பல ஒன்றுக்கொன்று சிறு மாற்றமுள்ளவை. பலவற்றை இன்று மறுபடி செய்து பார்க்க வழியில்லை. அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று பலரும் எழுதுவதும் பிழை. 1933-இல், கடலை எண்ணெய் தேய்ப்பதால் இளம்பிள்ளைவாதம் குணமாகிறது என்ற செய்தி பரவி, முடமான பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் டஸ்கிகீக்கு வந்து குவிந்தார்கள். பயன் தந்தது அவர் பிடித்துவிட்ட கையே தவிர எண்ணெய் அன்று. தனி ஜெபம் ஆய்வேட்டுக்கு மாற்றாகாது. மாற்றாகும் என்று சொல்பவர்கள் கார்வருக்கும் நன்மை செய்வதில்லை, ஜெபத்துக்கும் நன்மை செய்வதில்லை.

ஆனால் கார்வர் எழுதிய மறுமொழி அந்தத் தலையங்கத்தைவிடப் பொறுமையானது. தாம் பயின்ற கல்லூரிகளையும், கற்ற அறிஞர்களின் நூல்களையும், படித்துவரும் ஆய்விதழ்களையும் வரிசையாகக் குறிப்பிட்டார். அகத்தூண்டல் அறிவுக்கு விரோதமானதன்று, அறிவு பெருகப் பெருகத் தூண்டலும் பெருகும் என்று விளக்கினார். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? சேப்பங்கிழங்கு! நியூயார்க் கடைத்தெருவில் வேற்று நாடுகளிலிருந்து வந்து குவிந்திருந்த சேப்பங்கிழங்குகளையும் அவ்வினத்தைச் சேர்ந்த பிற கிழங்குகளையும் பார்த்துக்கொண்டு நின்றபோதே, அவற்றிலிருந்து செய்யக்கூடியவை டஜன் கணக்கில் தம் மனத்தில் வந்தன என்று எழுதினார். ஆரவாரம் மிகுந்த அந்தக் கடைத்தெருவில் கிழங்குக் கூடையின்முன் கூட்டத்தை மறந்து நின்ற அறுபது வயது மனிதரைக் கற்பனை செய்து பார்க்கிறேன். தலையங்கம் எழுதியவர் அவரை அந்த இடத்தில் கண்டிருந்தால், அவர் ஜெபித்துக்கொண்டிருப்பதாக எண்ணியிருப்பாரா, ஆராய்ந்துகொண்டிருப்பதாக எண்ணியிருப்பாரா?

கார்வர் முனிவரல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புகழ்ச்சியை விரும்பினார். தமக்கு இரண்டு அறை வேண்டும், ஒன்று சேகரித்த செடிகளுக்கு என்று கேட்டு, ஓர் அறையில் இருவராகத் தங்கியிருந்த சக ஆசிரியர்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார். கோழிப்பண்ணையை நிர்வகிக்கத் தெரியாமல் புக்கர் வாஷிங்டனிடம் பலமுறை கடிந்துகொள்ளப்பட்டு, அடிக்கடி வேலையை விடுவதாக எழுதினார். விடவில்லை; நாற்பத்தாறு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். காலை ஜெபம் இக்குணங்களையெல்லாம் கழுவித் துடைத்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். அவர் மறுநாளும் எழுந்து போனார், அவ்வளவுதான்.

தீனபந்து சி. எஃப். ஆண்ட்ரூஸ் 1929-இல் டஸ்கிகீக்குச் சென்றபோது, காந்தியடிகளின் உணவுமுறையைப் பற்றிக் கார்வரோடு கலந்து பேசினார். காந்தியடிகளுக்கு ஏற்ற காய்கறி உணவு பற்றிய குறிப்புகளைக் கார்வர் அனுப்பி வைத்தார். காலை நான்கு மணிக்கு எழுந்து பிரார்த்தனை செய்த இருவருக்கிடையே கடலைப்பாலைப் பற்றியும் பேச்சு நடந்திருக்கலாம் என்று எண்ண எனக்கு ஆசையாக இருக்கிறது.

கடைசி ஆண்டுகளில் உடல் தளர்ந்தது. சேமிப்பு முழுவதையும், அறுபதாயிரம் டாலருக்கு மேல், தம் பெயரால் அமைந்த ஆய்வு நிறுவனத்துக்கே விட்டுச் சென்றார். 1943 ஜனவரி 5-இல் மறைந்தார். டஸ்கிகீயில் புக்கர் வாஷிங்டனின் கல்லறை அருகே அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் டயமண்ட் பண்ணையைத் தேசிய நினைவிடமாக்க அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது. ஒரு கறுப்பின மனிதருக்கு அந்நாட்டில் அமைந்த முதல் தேசிய நினைவிடம் அது.

1960-இல் அங்கே ஒரு சிலை வைத்தார்கள். அது பெரிய மனிதராகிய கார்வரின் சிலையன்று. மேடையும் பீடமும் கிடையாது. மரங்களுக்கிடையே செல்லும் நடைபாதையில் ஒரு பாறைமேல் சிறுவன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கையில் ஒரு சிறு செடி. பக்கத்தில் யாரும் இல்லை.